கிழக்கு ஜன்னலில் ஒரு கல்லிச்சி

கடைசி இலை விழுந்தபோது காலை ஆறு இருபது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். காற்று இல்லை, ஜன்னல் கதவைக்கூட இன்னும் திறக்கவில்லை. மஞ்சள் பூத்த அந்த ஒற்றை இலை காம்போடு கழன்று, போன்சாய்த் தட்டின் விளிம்பில் பட்டு, மேசைமேல் விழுந்தது. கல்லிச்சியின் இலையைக் கிள்ளினால் பால் வரும். இது விழுந்த இடத்தில் ஒரு சொட்டுகூட இல்லை.

நோட்டைத் திறந்து எழுதினேன்: "இலை – பூஜ்யம்."

உள்ளே சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்த நஸ்ரீன் எட்டிப் பார்த்தாள். என் மனைவி, மலைமேல் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"முடிஞ்சுதா?"

"இலை முடிஞ்சுது. மரம் முடிஞ்சுதான்னு இன்னும் தெரியல."

"ஒரு ஜாண் குச்சி. அதுல மரம் எதுங்க, இலை எதுங்க?" என்றாள். செருப்பை மாட்டியவள் வாசலில் நின்று திரும்பினாள். "திருப்புதல் தேர்வு பேப்பர் வர்ற வரைக்கும்தான் ஜன்னல் உங்களுது. ஞாபகம் இருக்குதில்ல?"

"எழுதி வெச்சிருக்கேன்."

"அது தெரியும். நான் தும்முனாலும் எழுதி வெப்பீங்க."

அவள் போன பிறகு ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்தது. எதிர்ச் சரிவில் அறுத்து முடித்த சாமைக் கொல்லை வெளுத்துக் கிடந்தது. மேசைமேல் ஒரு மொட்டைக் குச்சியும் நானும்.

எதற்கு மலைக்கு வந்தேன்

தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வருபவர்களுக்காக நாலு வரி.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தேன். ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது சேர்த்து அனுப்பும் ஒரு தொகுதித் தோலுக்கும், ஒரு தாள் உண்டு. தாளின் அடியில் இரண்டு கட்டம். இடது கட்டத்தில் முதலில் பார்த்தவன் கையெழுத்து, வலது கட்டத்தில் மறுபடி பார்த்தவன் கையெழுத்து. இரண்டும் இல்லாமல் சரக்கு வாசலைத் தாண்டாது.

ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டாவதாகப் பார்க்க வேண்டியவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார். அவர் திரும்பிய பிறகு அடுத்த பள்ளிவாசலுக்கு நான் போவதாக ஏற்பாடு. லாரி இன்ஜினை அணைக்காமல் நின்றது. டிரைவர் நாலு தடவை ஹாரன் அடித்துவிட்டான். வலது கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். என் கண்ணை நான் அவ்வளவு நம்பினேன்.

பாதி லாட் தோல் கேட்ட கனத்தைவிட மெலிசு. சரக்கு துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தத் தாளை மட்டும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். இரண்டு கட்டத்திலும் ஒரே கையெழுத்து. மறுநாள் முதல் நான் போகவில்லை.

நஸ்ரீனுக்கு அப்போதே மலையில்தான் வேலை. வாரம் ஒரு முறை இறங்கி வந்து போய்க்கொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஜமுனாமரத்தூருக்கு வந்துவிட்டேன். வந்தவனுக்கு ஒரு வேலையும் இல்லை. அளக்கப் பழகிய கைக்கு அளக்க ஒன்றும் இல்லை. போன்சாய் அப்படித்தான் தொடங்கியது. அழகுக்காக என்று சொன்னால் பொய்.

ஆடு தின்றது, அட்டைப்பெட்டி தின்றது

முதல் மரம் புளி. இந்த மலையில் புளியங்கன்றுக்கா பஞ்சம்? ஒன்றைப் பெயர்த்து, ஓட்டை போட்ட அலுமினியத் தட்டில் நட்டு, வாசல்படியில் வைத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் சின்னராசின் செவளை ஆடு அதை வேர் வரை தின்றுவிட்டுத் தட்டையும் கவிழ்த்துவிட்டுப் போனது.

சின்னராசு மலைக்காரர். எங்கள் வீட்டை ஒட்டினாற்போலவே அவர் கொல்லை, சாமையும் புளியும். ஆட்டுக்காக வருத்தம் தெரிவிக்க வந்தவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா பாய், தட்டுல வெச்சா அது சோறுன்னுதான நெனைக்கும்?"

இனி மரம் வீட்டுக்குள்தான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இரண்டாவது மரம் செல்போனில் ஆர்டர் போட்டது. படத்தில் ஊசி இலையோடு, நூறு வயதுக் கிழம்போல வளைந்து நின்றது. கூரியர் போளூரோடு சரி, மலை ஏறமாட்டார்கள். பெட்டி அங்கே நாலு நாள் கிடந்து, நான் பஸ் பிடித்துப் போய் எடுத்துவந்தேன். பச்சையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் பச்சையாகவே இருந்தது. நான் தினமும் "நலம்" என்று எழுதினேன். பிறகு ஒரே வாரத்தில் துருப்பிடித்த நிறமாகிப் பொலபொலவென்று கொட்டியது. அந்த வகை மரம் வெட்டவெளிக் குளிரில் வாழ்வது, வீட்டுக்குள் நிற்காது என்று பிற்பாடு படித்தேன். செத்த பிறகும் பல நாள் பச்சையாகவே இருக்குமாம். செத்த மரத்துக்கு நான் மூன்று வாரம் நலம் விசாரித்திருக்கிறேன்.

அந்த "நலம்" எல்லாவற்றையும் அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். தப்பாகப் போட்ட கையெழுத்து தாளில் இருக்க வேண்டும்.

தொட்டியைப் பிளந்தவன்

மூன்றாவதை நான் தேடிப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தண்ணீர்த் தொட்டி. அதன் சுவரில் விரல் நீள வெடிப்பு. வெடிப்பிலிருந்து ஒரு கல்லிச்சி தலைகீழாகத் தொங்கி, மேல் நோக்கி வளைந்து வந்திருந்தது. ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வையுங்கள். பாறையிலும் சுவரிலும் முளைக்கும். மண்ணே வேண்டாம். வீட்டுக்குள் வளர்க்க நினைப்பவன் இச்சி வகையில் தொடங்கினால் பிழைக்கும் என்று படித்தும் இருந்தேன்.

சின்னராசு ஆசிட் பாட்டிலோடு வந்த அன்று நான் குறுக்கே நின்றேன்.

"நானே எடுத்துடறேன். சுவரையும் நானே பூசிக் குடுக்கறேன்."

"புடுங்கிப் போடத்தான?"

"வூட்டுக்குள்ள வெக்க."

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். "பாய். இது தொட்டியப் பொளந்தது. இத்த எம் வூட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சா, அடுத்து அது இன்னாத்தப் பொளக்கும்?"

"தட்டுல இருக்கும். வேரை வெட்டிக்கினே இருப்பேன். கீழ எறங்காது."

"அது ஒத்துக்கணுமில்ல?"

உளியும் தோல் தைக்கும் ஊசியும் வைத்துக்கொண்டு அரை நாள் வேலை. வேர் அறுந்துவிடாமல் சிமென்டைத் துளித் துளியாகப் பெயர்த்தேன். சின்னராசு பக்கத்தில் குந்தியபடி, "பல்லு புடுங்கற டாக்டரு தோத்தாரு போ" என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். அதன் பிறகு மாதம் ஒரு தடவை வருவார். காபி குடிப்பார். மேசைக்கு அடியில் குனிந்து தரையைக் கம்பால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

எங்கள் வீட்டில் வெளிச்சம் வருவது கிழக்கு ஜன்னலில் மட்டும்தான். மேற்கே பலாமரம் மறைக்கிறது. அந்த ஜன்னலடியில் உள்ள சின்ன மேசை நஸ்ரீனுடையது. கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு அவளுக்குக் குழல்விளக்கில் பேப்பர் திருத்தினால் நீர் வழியும். பகல் வெளிச்சம் வேண்டும். தட்டும் பேப்பர் கட்டும் சேர்ந்து நிற்க அங்கே இடம் இல்லை. எனவேதான் ஒப்பந்தம்: திருப்புதல் தேர்வு வரை ஜன்னல் எனக்கு. அதற்குள் மரம் நன்றாக நிலைத்துவிட்டால் சுவரில் ஒரு பலகை அடித்து அதை ஏற்றலாம். நிலைக்காவிட்டால் மேசை அவளுக்கு, போன்சாய்க்கு முழுக்கு.

"மூணாவதும் போச்சுன்னா நாலாவது கெடையாது," என்றாள். "ஒவ்வொண்ணு சாவும்போதும் உங்க மொகம் அந்த லாட் திரும்பி வந்த நாள் மாதிரி ஆயிடுது. என்னால பாக்க முடியல."

நான் ஒப்புக்கொண்டேன். இந்த ஒன்று பிழைத்தே ஆக வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

ஆறு பத்துக்குத் தண்ணீர்

இங்கே நான் செய்த தப்பு.

தினமும் காலை ஆறு பத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு நாள் தவறவில்லை. கார்த்திகையில் மழை, பிறகு பனி. துவைத்த துணி வீட்டுக்குள் மூன்று நாள் காயாமல் கிடந்தது. நான் ஆறு பத்துக்கு ஊற்றினேன். மண்ணும் சின்னராசின் கொல்லைச் செம்மண். களியாகத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. வாட்டம் என்று நினைத்து ஒன்றரை டம்ளராக்கினேன்.

தை பிறந்து சில நாளில் தட்டின் பக்கத்தில் குனிந்தபோது வாடை வந்தது. தொழிற்சாலையில் தொட்டியில் ஊறும் தோலை மறந்து இரண்டு நாள் விட்டுவிட்டால் ஒரு நாற்றம் எழும். அதே நாற்றம். இருபத்தாறு வருடம் அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

செடியைத் தூக்கினேன். வேரில் பாதி கறுத்து, தொட்டால் தோலுரிந்து நார் மட்டும் மிஞ்சியது.

எனக்கு வந்தது வருத்தம் இல்லை, கோபம். பாதி காய்ந்த தோலை அடுத்த வேலைக்கு எடுக்கலாமா என்று நாங்கள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத்தான் சொல்வோம். வெயில் நாளில் ஒரு மணி நேரத்தில் பதம் வரும், மழை நாளில் ஒரு பகல் ஆகும். கடிகாரத்தைப் பார்த்து எடுக்கிறவனை முதல் வாரமே அனுப்பிவிடுவோம். அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான். மரத்துக்கு மட்டும் மணி பார்த்து ஊற்றியிருக்கிறேன்.

அன்றே தோல் சீவும் கத்தியைத் தீட்டிக் கறுத்த வேர் முழுவதையும் வெட்டினேன். மறுநாள் பஸ்ஸில் சந்தவாசல் இறங்கி, ஒரு செங்கல் சூளையில் உடைசல் கேட்டு வாங்கிவந்து, இடித்து, சலித்து, மாவையும் பெரிய கட்டியையும் கழித்து, மிளகு அளவில் உள்ளதை மட்டும் எடுத்தேன். அதோடு மணலும் மக்கிய இலையும். தட்டுக்கு இன்னும் இரண்டு ஓட்டை போட்டேன். பிறகு ஆறு பத்துக்கு மண்ணில் கட்டைவிரலை வைத்தேன். ஈரம். ஊற்றவில்லை. நோட்டில் "ஈரம். ஊற்றவில்லை" என்று எழுதும்போது கை கூசியது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு இலையாகக் கொட்டி, நான் முதலில் சொன்ன அந்தக் காலை வந்தது.

இறங்கி வந்த கோடு

செத்துவிட்டது என்று எழுதியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். எழுதவில்லை. நன்றாகத் தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்து என்ன செய்யும் என்று பார்த்தவன் நான். சாவுக்கும் அப்படி ஒன்று போட மாட்டேன்.

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரிய வேண்டும். தெரிந்தால் உயிர். நுனியில் சுரண்டினேன், பழுப்பு. ஒரு விரல் கீழே, பச்சை. பச்சை தொடங்கும் இடத்தில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டினேன்.

மறுநாளும் சுரண்டினேன். அதற்கு மறுநாளும்.

"சொரண்டிச் சொரண்டியே சாவடிச்சிடுவீங்க," என்றாள் நஸ்ரீன். "எம் பசங்ககூட ஒரு கணக்க இவ்ளோ தடவ அழிச்சி எழுத மாட்டாங்க."

சரிதான். பத்து நாளுக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டேன். தட்டும் அசையக் கூடாது என்று அவளிடமே ஒரு சாக்பீஸ் வாங்கி, மேசைமேல் தட்டைச் சுற்றிக் கோடு போட்டேன். மரத்தின் முன்பக்கம் எனக்கு, பின்பக்கம் ஜன்னலுக்கு. ஒரே இடம், ஒரே கோணம், ஒரே அளவு. அளக்கிறவன் பொருளை நகர்த்தக் கூடாது.

முதல் பத்து நாளில் நூல் ஒரு விரல் இறங்கியது. அடுத்த பத்தில் ஒன்றரை. வளைந்து வந்திருந்த அந்த அழகான கிளை, நான் இந்த மரத்தைக் காப்பாற்ற ஆசைப்பட்டதே அதற்காகத்தான், முழுவதும் பழுப்பாகிவிட்டது. அடிமரத்தில் நாலு விரல்தான் மிச்சம்.

சின்னராசு வந்தார். தரையைத் தட்டினார். பிறகு நிமிர்ந்து குச்சியைப் பார்த்தார்.

"இன்னும் இதுக்குக் காவலா, பாய்? இனிமே இது தரையையும் பொளக்காது, ஒண்ணையும் பொளக்காது. நல்ல கன்னா ஒண்ணு நான் தர்றேன். கொல்லையில அம்பது கெடக்குது."

"வேணாங்க."

"ஏன்? அதுவும் மரம்தான?"

"இது முடியல இன்னும்."

அவர் சிரிக்கவில்லை. "செவளகூட இத்த மோந்து பாத்துட்டுப் போய்டும்" என்று மட்டும் முனகிவிட்டுப் படி இறங்கினார்.

காலையில் கட்டைவிரல். காய்ந்திருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. சில நாள் இரண்டு நாளுக்கு ஒரு முறை, சில நாள் ஐந்து நாளுக்கு. இலையே இல்லாத மரம் தண்ணீரைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும். ஆனாலும் கவனித்தேன்: மண் காயும் நாள்கள் மெல்லக் குறைந்தன. ஐந்து, நாலு, நாலு, மூன்று. குளிர் விட்டதால் இருக்கலாம். கீழே யாரோ குடிப்பதாலும் இருக்கலாம். எது என்று எழுதவில்லை. எண்ணை மட்டும் எழுதினேன்.

மூன்றாவது பத்து நாளும் முடிந்து, சுரண்டும் நாள் வந்தது. நூலுக்கு மேலே பழுப்பு. நூல் இருந்த இடத்தில் பச்சை. பச்சையின் கோடு இறங்கவில்லை.

அன்று மாலைதான் நஸ்ரீன், "நாளைக்குப் பேப்பர் வருது," என்றாள்.

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். "கோடு நின்னுடுச்சு. இன்னும் பத்து நாள் குடு."

"எனக்கு ஒரு வாரத்துல மார்க் போட்டாவணுங்க. இத்தன பசங்க பேப்பர். கண்ணு வேற இப்பிடி." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "நீங்களே எழுதி வெச்ச நாளு இது."

எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான். "நாளைக்கு மதியத்துக்குள்ள எடுத்துடறேன்," என்றேன். எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வெளியே ஆடு. உள்ளே இருட்டு.

வலது கட்டம்

மறுநாள் சனிக்கிழமை. மரத்துக்குச் சுவரில் ஒரு பலகையாவது அடித்துவிடுவது என்று நினைத்து, ஆணியும் சட்டமும் வாங்க ஜமுனாமரத்தூர் கடைத்தெருவுக்குக் காலையிலேயே நடந்தேன். கிழக்கு ஜன்னலுக்கு மேலே, மேசைக்கு இடையூறு இல்லாத உயரத்தில். வெளிச்சம் பாதிதான் விழும். பாதி வெளிச்சத்தில் ஒரு மொட்டைக் குச்சி எத்தனை நாள் தாங்கும் என்று வழி முழுவதும் கணக்குப் போட்டேன். நல்ல விடை வரவில்லை. ஆனாலும் ஆணி வாங்கினேன்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. கதவு திறந்திருந்தது. நஸ்ரீன் ஜன்னலடியில் நாற்காலியில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தாள். பேப்பர் கட்டு அவள் மடியில். அடியில் முட்டுக்கொடுக்க ரொட்டி தேய்க்கும் பலகை.

மேசைமேல் மரம். ஆனால் சாக்பீஸ் கோட்டுக்குள் இல்லை. ஒரு பக்கமாகத் தள்ளி, பின்பக்கம் முன்னால் வரும்படித் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

"நகத்திட்டியா?"

"பேப்பர் வெக்கணுமில்ல. நகத்துனேன்." தலை நிமிரவில்லை. சிவப்புப் பேனா ஓடிக்கொண்டிருந்தது. "அப்புறம் பேப்பர அங்க வெக்கல."

"ஏன்?"

"நோட்டப் பாருங்க."

என் நோட்டு ஜன்னல் கட்டையில் திறந்து கிடந்தது. அன்றைய பக்கத்தின் அடியில், அளவுகோல் வைத்து இரண்டு கட்டம் போட்டிருந்தாள். அதற்கு மேலே சிவப்பு மையில், விடைத்தாளில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில்:

"ஜன்னல் பக்கம். மண்ணுக்கு மேல் இரண்டு விரல். ஒரு மொட்டு. பச்சை. நீங்கள் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

வலது கட்டத்தில் இனிஷியலோடு முழுக் கையெழுத்து. என்னுடைய இடது கட்டம் காலி.

நான் குனிந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். பட்டையைப் பிளந்துகொண்டு, அரிசி முனை அளவுக்கு, கூராக ஒன்று. அசையாமல் வைத்து நான் அளந்த நாளெல்லாம் அது வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு என் கோட்டுக்குப் பின்னால் நின்றிருக்கிறது.

மண்ணில் கட்டைவிரலை வைத்தேன். ஈரம். தண்ணீர் வேண்டாம்.

"நல்லாப் பாத்துட்டுப் போடுங்க," என்றாள் நஸ்ரீன், அடுத்த பேப்பரைப் புரட்டியபடி. "அவசரமில்ல. லாரி ஒண்ணும் நிக்கல."

இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு இடது கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.